பேரீச்சம்பழத்துக்குப் போன பெருமூளைகள்

    

'பழைய கம்ப்யூட்டர்களைக் காப்பாற்றுவது கடமையா? கட்டுப்படியாகாத சுமையா?' இதுதான் தலைப்பு. கடமைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனாங்க. "தொல்காப்பியம் நடத்துற பேராசிரியருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னங்க சம்பந்தம்?" அம்மா, பழசைத் தூக்கிப் போடாதீங்கன்னு சொல்றதுதானே தமிழ் வாத்தியார் வேலை! அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறதே அதுக்குத்தான்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, அவங்க வாதம் என்ன? "அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு கல்யாண மண்டபத்தையே அடைச்சுக்கும். இப்போ சட்டைப் பையில இருக்கிற கைபேசி அதைவிடப் பல மடங்கு வேகம். அதை எதுக்குக் கட்டி அழணும்?" நான் கேட்கிறேன். பாட்டியைவிடப் பேத்தி வேகமா ஓடுவா. அதுக்காகப் பாட்டியைப் பழைய இரும்புக்காரன்கிட்டே போட்டுட முடியுமா? (கைதட்டல்)

சரி. எதைத் தூக்கிப் போட்டோம்னு முதலில் தெரிய வேண்டாமா? கம்ப்யூட்டருக்கு உயிர் எது? ஞாபகம். 'மெமரி' என்று சொல்கிறோமே, அதுதான். இன்றைக்கு அது நகக்கண் அளவுச் சில்லுக்குள்ளே அடங்கிவிட்டது. அன்றைக்கு அந்த ஞாபகத்தை எங்கே வைப்பது, எதிலே வைப்பது என்று மனிதன் பட்ட பாடு இருக்கிறதே, அது ஒரு தனிப் புராணம்.

நம்ம ஊர்ல ஒரு கதை சொல்லுவாங்க. மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை கொழுக்கட்டை சாப்பிட்டான். ருசி பிடிச்சுப் போச்சு. பேர் மறந்துடக் கூடாதேன்னு "கொழுக்கட்டை, கொழுக்கட்டை"ன்னு சொல்லிக்கிட்டே ஊருக்கு நடந்தான். வழியில் ஒரு வாய்க்கால். "அத்திரிபாச்சா"ன்னு ஒரு தாண்டு தாண்டினான். அவ்வளவுதான்! வீட்டுக்கு வந்து பெண்டாட்டிகிட்டே "அத்திரிபாச்சா செஞ்சு கொடு"ன்னு கேட்டான். (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. இங்கிலாந்திலே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே, மாரிஸ் வில்க்ஸ் என்ற அறிஞர் கட்டிய 'எட்சாக்' என்ற கம்ப்யூட்டர் 1949 மே 6-ஆம் தேதி முதன்முதலாக வேலை செய்தது. அதன் ஞாபகம் இந்த மாப்பிள்ளை முறைதான்! ஐந்தடி நீளக் குழாய், உள்ளே பாதரசம். ஒரு முனையில் மின்துடிப்பை ஒலி அலையாக மாற்றி அனுப்புவார்கள். அந்த அலை பாதரசத்துக்குள்ளே நடந்து மறுமுனைக்குப் போய்ச் சேரும். அங்கே அதைப் பிடித்து, சரி செய்து, மறுபடியும் முதல் முனைக்கே கொண்டுவந்து அனுப்புவார்கள். விடாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். "கொழுக்கட்டை, கொழுக்கட்டை, கொழுக்கட்டை!" ஒரு நொடி நிறுத்தினால் போச்சு, எல்லாம் அத்திரிபாச்சாதான்!

இன்னொரு பக்கம் மான்செஸ்டர் நகரத்திலே, 1948 ஜூன் 21-ஆம் தேதி, வில்லியம்ஸ், கில்பர்ன் என்ற இருவரும் தங்கள் குழுவோடு வேறு வழி கண்டார்கள். டி.வி. குழாய் மாதிரி ஒரு கண்ணாடிக் குழாய். அதன் முகத்திலே மின்புள்ளிகளாக எழுதி வைப்பது. ஆனால் அந்தப் புள்ளி கண் இமைப்பதற்குள் கரைந்துவிடும். அதனால் அழியும் முன்னாலே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தம் 1,024 புள்ளி. அதுதான் அந்தக் கம்ப்யூட்டரின் ஞாபகம் முழுக்க!

அதற்கப்புறம் வந்ததுதான் காந்த வளையம். அமெரிக்காவிலே எம்.ஐ.டி. என்கிற மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலே 'வேர்ல்விண்ட்' என்று ஒரு கம்ப்யூட்டர். அதற்காக ஜே ஃபாரஸ்டர் என்பவர் குழுவோடு உருவாக்கி, 1953-ல் பொருத்தினார். பாசிமணி மாதிரி சின்னச் சின்ன வளையங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய கம்பிகள் ஊடும் பாவுமாகப் போகும். வலப்புறமாகக் காந்தம் சுற்றினால் ஒன்று. இடப்புறமாகச் சுற்றினால் பூச்சியம். ஒரு வளையத்துக்கு ஒரே ஒரு ஞாபகம்!

இன்றைக்குக் கைபேசியில் ஒரு கொழுக்கட்டையைப் படம் எடுக்கிறோம். அந்தப் படம் 4 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இந்த வளையத்திலே வைக்க வேண்டுமானால் மூன்று கோடிக்கு மேலே வளையம் வேண்டும்!

இதிலே ஒரு வேடிக்கை. ஒரு வளையத்தில் என்ன இருக்கிறது என்று படித்தால், படித்த உடனே அழிந்துவிடும். குடத்திலே தண்ணீர் இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்ப்பது மாதிரி. கொட்டினால் இருந்தது என்று தெரியும். ஆனால் குடம் காலி. உடனே நிரப்பி வைக்க வேண்டும். படி, திரும்ப எழுது. படி, திரும்ப எழுது. நம்ம பிள்ளைகளுக்கு இந்த நல்ல பழக்கம் வந்தால் பரீட்சையில் பெயிலே ஆகமாட்டார்கள்! (சிரிப்பு)

இந்த வளையங்களை யார் கோத்தார்கள் தெரியுமா தாய்மார்களே? பெரும்பாலும் பெண்கள். உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, பூத் தொடுப்பது மாதிரி கையாலே கோத்தார்கள். நிலவுக்குப் போன அப்போலோ விண்கலத்தின் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதன் நிரலே கம்பியால் நெய்ததுதான். கம்பி வளையத்துக்குள்ளே போனால் ஒன்று. வெளியே போனால் பூச்சியம். இப்படி 36,864 சொற்கள்! மாசசூசெட்ஸ் மாநிலம் வால்தாமிலே, ரேதியான் தொழிற்சாலையிலே, நெசவு வேலை தெரிந்த பெண்களும் சேர்ந்து நெய்தார்கள். பொறியாளர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் என்ன தெரியுமா? 'கிழவியம்மா மெமரி'! நிலாவிலே பாட்டி வடை சுடுகிறாள் என்று நாம் சொன்னோம். நிலாவுக்கு வழி காட்டியதே பாட்டிகள் என்று இப்போது தெரிகிறதா, இல்லையா? (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்த வளையத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மின்சாரம் நின்றாலும் மறக்காது. 1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்ணோடம் வானத்திலே சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள். உலகமே அழுத நாள் அது. சிதறிய பாகங்கள் கடலிலே விழுந்தன. அந்தக் கம்ப்யூட்டர்களில் இருந்தது இந்தக் காந்த வளைய ஞாபகம்தான். அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும், உப்புத் தண்ணீரிலே கிடந்தும், அந்த வளையங்கள் கடைசியாக வைத்திருந்ததை மறக்கவில்லை.

கடலிலே விழுந்தும் மறக்காத ஒரு பொருளை, கரையிலே இருக்கிற மனுஷன் மறந்துபோனான். அதைத்தான் நான் இந்த மேடையில் முறையிட வந்திருக்கிறேன்.

என்ன செய்தார்கள் அந்த எந்திரங்களை? 'எட்சாக்'கை 1958 ஜூலையில் நிறுத்தினார்கள். பிரித்தார்கள். பாகம் பாகமாகப் போனது. இன்றைக்கு பிளெட்ச்லி பூங்காவிலே இருக்கிற தேசியக் கணிப்பொறி அருங்காட்சியகத்தில் தொண்டர்கள் அதை மறுபடியும் கட்டினார்களே, அவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? முழு வரைபடம் கையில் இல்லை. புகைப்படத்தை வைத்து அளவெடுத்தார்கள். அசல் எந்திரத்தின் ஒரு சட்டம் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தது! பாதரசம் நஞ்சு என்பதால் இப்போது அதைப் பயன்படுத்தவில்லை. அதற்குப் பதில் நிக்கல் கம்பியிலே அந்த ஞாபகத்தைச் செய்தார்கள். அதாவது, தூக்கிப் போட்ட பொருளை அப்படியே திரும்பச் செய்ய, செய்தவர்கள் நாட்டாலேயே முடியவில்லை.

'எனியாக்' கதையைக் கேளுங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலே பிறந்தது. 1946-ல் உலகத்துக்குக் காட்டினார்கள். ஏறத்தாழ 18,000 வால்வு. 30 டன் எடை. 1955 அக்டோபர் 2-ஆம் தேதி இரவு அதன் மின்சாரத்தை நிறுத்தினார்கள். பிறகு பாகப்பிரிவினை! 40 பலகைகள். கொஞ்சம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு, கொஞ்சம் பிறந்த வீட்டுக்கு, கொஞ்சம் வேறு வேறு இடத்துக்கு. சில பலகைகள் துருப்பிடித்துக் கிடந்து, பல ஆண்டு கழித்து டெக்சாஸில் ஒரு நிறுவனம் எடுத்துத் துடைத்து, வர்ணம் பூசி, விளக்கு மட்டும் எரியும்படி செய்தது. விளக்கு மினுக்குகிறது; ஆனால் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டத் தெரியாது. உடம்புக்கு அலங்காரம் செய்துவிட்டார்கள், உயிர் எங்கே?

இதைவிட ஒரு வேடிக்கை. அமெரிக்க வான்பாதுகாப்புக்காக 'சேஜ்' என்று ஒரு ராட்சசக் கம்ப்யூட்டர். ஒன்று 250 டன்! வேலை முடிந்து பிரித்த பிறகு அதன் விளக்குப் பலகைகள் எங்கே போயின தெரியுமா? ஹாலிவுட்டுக்கு! படத்திலும் தொடரிலும் பின்னணியில் கண் சிமிட்டிக்கொண்டு நின்றன. பணி ஓய்வுக்குப் பிறகு சினிமாவில் சேர்ந்த கம்ப்யூட்டர் அதுதான்! (சிரிப்பு)

எதிரணியிலே கடைசியாகப் பேசிய நண்பர் ஒரு பெரிய கேள்வியைப் போட்டார். "எதுக்குங்க எந்திரம்? ஒரு போட்டோ எடுத்துக்கங்க, படம் வரைஞ்சு வச்சுக்கங்க, போதாதா?" நல்ல கேள்வி. சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது என்று யாராவது அடுப்பை உடைப்பார்களா? அது கிடக்கட்டும். போட்டோ மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறே சாட்சி சொல்கிறது.

இரண்டாம் உலகப் போர். ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்க, பிரிட்டனின் அஞ்சல் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் 'கொலோசஸ்' என்ற எந்திரத்தைக் கட்டினார். 1944-ல் வேலைக்கு வந்தது. போர் முடியும்போது பத்து எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. போர் முடிந்ததும் உத்தரவு வந்தது: பிரித்துப் போடு! எட்டு எந்திரங்களை உடனே பிரித்தார்கள். மிஞ்சிய இரண்டும் 1960 வாக்கிலே போயின. வரைபடங்களை எரிக்கச் சொன்னார்கள். பெற்ற பிள்ளைக்குத் தன் கையாலே கொள்ளி வைத்த தகப்பன் மாதிரி, ஃபிளவர்ஸ் அவற்றை உலையிலே போட்டு எரித்தார்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். போருக்குப் பிறகு அவர் இன்னொரு எந்திரம் கட்ட வங்கியிலே கடன் கேட்டார். "இதெல்லாம் வேலை செய்யாது" என்று சொல்லிக் கடன் மறுத்துவிட்டார்கள். "ஐயா, நான் ஏற்கெனவே செய்து காட்டியவன்" என்று சொல்ல முடியாது, ரகசியம்! காட்ட எந்திரமும் இல்லை, வரைபடமும் இல்லை. சாதித்தவன் சாட்சி இல்லாமல் நின்றான் நடுவர் அவர்களே!

1990-களிலே டோனி சேல் என்பவர் அதை மறுபடியும் கட்டக் கிளம்பினார். கையில் என்ன இருந்தது? 1945-ல் எடுத்த எட்டுப் புகைப்படம்! கூடவே, சில பொறியாளர்கள் விதியை மீறி ஒளித்து வைத்திருந்த சுற்றுப் படத் துண்டுகள். முழுமையாக வேலை செய்ய 2007 ஆகிவிட்டது. பதினான்கு வருஷம்! இராமன் வனவாசம் முடிந்து வந்துவிடுவான், அவ்வளவு காலம்! எட்டுப் போட்டோ போதும் என்கிறார் நண்பர். எட்டுப் போட்டோவுக்கு விலை பதினான்கு வருஷம் என்கிறேன் நான்! (கைதட்டல்)

"சரிங்க, தகவலைப் பிரதி எடுத்து வச்சுட்டா போதாதா, கருவி எதுக்கு?" இது அவர்களுடைய அடுத்த கேள்வி. 1966, 1967-ஆம் ஆண்டுகளில் நாசா அனுப்பிய லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் நிலவைச் சுற்றிப் படம் எடுத்தன. காந்த நாடாக்களில் பதிந்து வைத்தார்கள். நாடா பத்திரமாக இருந்தது. ஆனால் அதைப் படிக்கிற கருவி வழக்கொழிந்து போயிற்று. அந்தக் கருவிகள் சிலவற்றைத் தூக்கிப் போட மனம் வராமல், நாசாவின் ஆவணப் பணியிலே இருந்த நான்சி எவன்ஸ் என்ற அம்மையார் தம் வீட்டிலே வைத்துக் காப்பாற்றினார். 2008-ல் அந்தக் கருவிகளைப் பழுது பார்த்து, கலிபோர்னியாவிலே மூடிக் கிடந்த ஒரு ஓட்டல் கட்டடத்தில் வைத்து ஓட்டினார்கள். நிலவின் விளிம்பில் பூமி எழும் 1966-ஆம் ஆண்டுப் படம், அதுவரை யாரும் பார்க்காத தெளிவோடு கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். அரசாங்கக் கிடங்கு செய்யாததை ஒரு பெண்மணி செய்தார். அந்த வீட்டிலேயும் யாராவது "ஏம்மா இந்தக் குப்பையை வச்சிருக்கே, இடத்தை அடைக்குதே"ன்னு கேட்டிருக்க மாட்டாங்களா என்ன? பழசைப் பரண்மேல் ஏற்றுகிற தாய்மார்களை நாம் எவ்வளவு கேலி செய்கிறோம்! (கைதட்டல்)

ஏட்டுச்சுவடி இருந்தால் மட்டும் போதுமா? எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டாமா? 1887-ல் சீவக சிந்தாமணியை உ.வே.சா. அச்சிலே கொண்டுவந்தார் என்றால், சுவடியும் இருந்தது, படிக்கிற கண்ணும் இருந்தது. கண் இல்லாவிட்டால் சுவடி வெறும் ஓலை. கருவி இல்லாவிட்டால் நாடா வெறும் பட்டை.

நடுவர் அவர்களே, எதிரணியிலே ஒரு நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. 250 டன் எந்திரத்தை எல்லா ஊரிலும் வைக்க முடியாது. மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது? உதிரி பாகம் எங்கே கிடைக்கும்? உண்மை. நான் எல்லாவற்றையும் வையுங்கள் என்று சொல்லவில்லை. வகைக்கு ஒன்றை முழுதாக வையுங்கள். உடம்பை மட்டும் வைக்காமல் அதன் ஞாபகப் பெட்டியையும் சேர்த்து வையுங்கள். வரைபடத்தையும் நிரலையும் கூடவே வையுங்கள். அதை ஓட்டியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எந்திரத்துக்கு உதிரி பாகம் தேடிப் பிடிக்கலாம், மனுஷனுக்கு முடியாது.

முடியுமா என்று கேட்டால், முடிந்திருக்கிறது. 'வேர்ல்விண்ட்' 1959-ல் நிறுத்தப்பட்டது. ஒருவர் அதை ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகைக்கு எடுத்துப் பல வருஷம் ஓட்டினார். 1970-களிலே பழைய இரும்புக்குப் போகிற நேரம். அதிலே இளமையில் வேலை பார்த்த கென் ஓல்சன், ராபர்ட் எவரெட் இருவரும் ஓடி வந்து தடுத்தார்கள். அவர்கள் காப்பாற்றிய பாகங்களில் இருந்துதான் ஒரு அருங்காட்சியகம் முளைத்தது. இன்றைக்குக் கலிபோர்னியாவிலே மவுண்டன் வியூ நகரத்தில் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகமாக அது வளர்ந்து நிற்கிறது. அங்கே 1959-ல் அறிமுகமான ஐ.பி.எம். 1401 கம்ப்யூட்டர் இரண்டை, ஓய்வு பெற்ற பொறியாளர்கள் கூலி வாங்காமல் பழுது பார்த்து ஓட வைத்தார்கள்.

ஆனால் தனி மனிதர் தோளில் மட்டும் இதைப் போட்டால் என்ன ஆகும்? சியாட்டில் நகரத்திலே, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ஆலன், பழைய கம்ப்யூட்டர்களை ஓடுகிற நிலையிலேயே வைத்து ஓர் அருங்காட்சியகம் நடத்தினார். குழந்தைகள் தொட்டுப் பார்க்கலாம். அவர் 2018-ல் காலமானார். 2020-ல் கதவு மூடிற்று. 2024-ல், இனித் திறக்காது என்று அறிவித்தார்கள்; பொருள்களில் பல ஏலத்துக்குப் போயின. அவ்வளவு பெரிய செல்வந்தர் கட்டியதே அவருக்குப் பிறகு நிற்கவில்லை. தனிமனித ஆசை அவரோடு போய்விடும். ஊர்ப் பொறுப்பு என்றால்தான் நிற்கும்.

நம்ம நாட்டுக்கும் இதிலே பங்கு உண்டு. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலே, கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்க்காத இளைஞர்கள் பலர் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டரைக் கட்டினார்கள். தலைமை தாங்கியவர் ஆர். நரசிம்மன். 1960-ல் வேலை செய்யத் தொடங்கியது. 1962-ல் பிரதமர் நேரு 'டிஃப்ராக்' என்று பெயர் வைத்தார். சுமார் 2,700 வால்வு. அதிலேயும் ஞாபகம் காந்த வளையம்தான். 1960-களின் நடுவிலேயே அதற்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. இன்றைக்கு உலகம் முழுக்க நம் பிள்ளைகள் மென்பொருள் எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு 'டிஃப்ராக்' என்ற பெயர் தெரியும்? கொள்ளுப்பாட்டன் பெயர் தெரியாத பேரனுக்குச் சொத்து மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது!

தெருவிலே கூவிக்கொண்டு போவாரே, "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று! அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவர் எடைக்கு எடை நியாயமாகப் போடுகிறார். அவரிடம் கொண்டுபோய்ப் போடுகிறோமே, அந்தக் கைகளைத்தான் கேட்கிறேன். பித்தளைக்கு எடை உண்டு. செம்புக்கு எடை உண்டு. ஒரு பெண் கண் நோக ஒவ்வொரு வளையமாகக் கோத்தாளே, அந்த உழைப்புக்கு எந்தத் தராசிலே எடைக்கல் இருக்கிறது?

மனிதன் தன் மறதியை ஜெயிக்க ஒரு பொருளைச் செய்தான். செய்த பொருளையே மறந்துவிட்டால், ஜெயித்தது மனிதனா, மறதியா? ஆகவே நடுவர் அவர்களே, பழைய கம்ப்யூட்டர்களையும் அவற்றின் ஞாபகங்களையும் காப்பாற்றுவது சுமை அல்ல, நம் கடமைதான் என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.